வீட்டுத் தோட்டத்துப் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும்: பார்ப்பதும் படமெடுப்பதும்

வீட்டுத் தோட்டத்துக்கு எந்தப் பறவை வரும், எந்த வண்ணத்துப்பூச்சி வரும் என்பதை அங்கே நிற்கும் செடிகளே தீர்மானிக்கின்றன. இடத்தின் பரப்பு அதற்கு அடுத்தபடிதான். தமிழ்நாட்டுச் சமவெளியில் ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, நாலைந்து இட்லிப்பூச் செடி இருந்தாலே போதும். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று வந்துகொண்டிருக்கும். ஆகவே படமெடுக்க ஆசைப்படுபவர் கேமரா வாங்குவதற்கு முன் செடிகளைத் தெரிந்துகொள்வது நல்லது. எந்தச் செடிக்கு எது, எதற்காக வருகிறது என்று தெரிந்துவிட்டால் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. செடியருகே உட்கார்ந்திருந்தால் போதும்.

வண்ணத்துப்பூச்சிக்குச் செடி இரண்டு விதத்தில் தேவைப்படுகிறது. தேன் குடிக்கப் பூ வேண்டும். புழு தின்ன இலை வேண்டும். பூ விஷயத்தில் அது பெரிதாகப் பேதம் பார்ப்பதில்லை. இட்லிப்பூ, உன்னிப்பூ, கிணற்றடிப் பூண்டு என்று கிடைத்ததில் குடிக்கும். இலை விஷயத்தில் மட்டும் கறார். வெந்தய வரியன் எருக்கையும் அதன் உறவுச் செடிகளையும் தேடிப் போய் முட்டையிடும். ரோசா அழகிக்கு ஆடுதீண்டாப்பாளையும் அதன் இனக் கொடிகளும் வேண்டும். எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் பெரும்பாலும் எலுமிச்சைக் குடும்பத்தை விட்டு வெளியே போவதில்லை. கறிவேப்பிலை, வில்வம், நாரத்தை எல்லாம் அந்தக் குடும்பம்தான். தாய்ப்பூச்சி இலைமேல் இறங்கி முன்னங்கால்களால் படபடவென்று தட்டுவதைப் பார்க்கலாம். கால்களிலுள்ள சுவை உணர்விகளால் அது இலையைச் சோதிக்கிறது. சரியான செடி இல்லையென்றால் நொடியில் எழுந்து போய்விடும்.

ஒரு கறிவேப்பிலைச் செடியைத் தொடர்ந்து கவனித்தால் வண்ணத்துப்பூச்சியின் முழு வாழ்க்கையையும் பார்த்துவிடலாம். கொழுந்திலையில் கசகசா அளவில் வெளிர்மஞ்சள் முட்டை ஒற்றையாக ஒட்டியிருக்கும். சில நாட்களில் அது பொரிந்து வெளிவரும் புழு, பழுப்பும் வெள்ளையுமாக, இலையில் விழுந்த காக்கை எச்சத்தைப் போலவே தோன்றும். எச்சத்தை எந்தப் பறவையும் கொத்தாது என்பதால் இது நல்ல வேஷம். ஆனால் புழு பெரிதான பிறகு இந்த வேஷம் எடுபடாது. எனவே கடைசிமுறை தோலுரித்ததும் முழுப் பச்சைக்கு மாறி இலையோடு இலையாகிவிடுகிறது. ஈர்க்குச்சியால் மெல்லச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறத்தில் கவைபோன்ற ஓர் உறுப்பு வெளியே நீளும். நெடி மூக்கைத் துளைக்கும். எறும்பையும் சிறு பூச்சிகளையும் விரட்ட அது போதும். பிறகு தண்டோடு இடுப்பில் ஒரு பட்டு நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். தண்டு பச்சையென்றால் கூடும் பெரும்பாலும் பச்சை, காய்ந்த குச்சியென்றால் பழுப்பு. முட்டையிலிருந்து சிறகு விரிப்பதுவரை ஏறக்குறைய ஒரு மாதம். இதற்குள் செடியில் பாதி மொட்டையாகியிருக்கும். ரசத்துக்கு இலை வேண்டுமென்பவர்கள் மருந்தடிப்பதைவிட இரண்டாவது செடி ஒன்றை நட்டுக்கொள்ளலாம்.

கறிவேப்பிலை அழகியில் இன்னொரு வியப்பும் உண்டு. ஆண் கறுப்பு; பின்சிறகில் ஒரு வரிசை வெண்திட்டுகள். பெண்ணோ மூன்று உருவங்களில் வரும். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்றொன்று ரோசா அழகியைப் போலவும், மூன்றாவது சிவப்புடல் அழகியைப் போலவும் தோன்றும். அந்த இரண்டு அழகிகளும் புழுப் பருவத்தில் ஆடுதீண்டாப்பாளை இனக் கொடிகளைத் தின்று நஞ்சைச் சேர்த்துவைத்திருப்பவை. ஒருமுறை வாயில் வைத்த பறவை மறுமுறை தொடாது. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகி அந்தத் தோற்றத்தை மட்டும் கடன் வாங்கித் தப்பிக்கிறது. வேறுபடுத்திக் காண உடலைப் பார்க்க வேண்டும்: அசலுக்கு உடல் சிவப்பு, போலிக்குக் கறுப்பு. பறக்கும்போது கண்ணுக்குப் பிடிபடாத இந்த வேறுபாடு, ஒரு நல்ல படத்தில் உடனே தெரிந்துவிடும்.

பறவைகளில் தோட்டத்தோடு மிக நெருக்கமானது தேன்சிட்டு. சமவெளித் தோட்டங்களில் பொதுவாகக் காணப்படுபவை இரண்டு: ஊதாத் தேன்சிட்டு, ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. இரண்டுமே 10 செ.மீ. அளவுள்ளவை. முருங்கைப் பூவும் செம்பருத்தியும் இவற்றுக்குப் பிடிக்கும். அலகு எட்டாத நீண்ட பூவாக இருந்தால் அடியில் ஓட்டை போட்டுத் தேனை எடுத்துக்கொள்ளும். பூவுக்கு அதனால் மகரந்தச் சேர்க்கை லாபம் எதுவுமில்லை. அமெரிக்கக் கண்டங்களின் ஹம்மிங்பேர்டைப் போல அந்தரத்தில் நின்று குடிப்பது இதற்கு அரிது. பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்தே குடிக்கும். படமெடுப்பவருக்கு இது வசதி.

ஊதாத் தேன்சிட்டின் ஆண் பல படங்களில் வெறும் கறுப்புக் குருவியாகவே பதிவாகும். காரணம் கேமராவில் இல்லை. அதன் பளபளக்கும் நீலமும் ஊதாவும் சாயத்தால் வருவதல்ல; இறகின் நுண்ணிழைகளுக்குள் இருக்கும் மெல்லிய அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தால் வருவது. ஆகவே கோணம் மாறினால் நிறமும் மறைந்துவிடும். காலைச் சூரியன் படமெடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால்தான் அந்த நிறம் கிடைக்கும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் அந்த மினுமினுப்பைக் களைந்து, மஞ்சள் வயிறும் தொண்டையிலிருந்து இறங்கும் ஒரு கறுங்கோடுமாக மாறிவிடும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதை வேறு பறவை என்று நினைப்பதுண்டு.

தேன்சிட்டின் கூட்டைக் கட்டுவது பெண்தான். சிலந்தி வலையும் நாரும் சருகும் சேர்த்துச் சுருக்குப்பை போலத் தொங்கவிட்டு, பக்கவாட்டு வாசலுக்கு மேலே ஒரு சிறு தாழ்வாரமும் வைக்கும். துணிக்கொடியிலும் வாசல் விளக்கின் ஒயரிலும்கூடக் கட்டும். தையல்சிட்டோ அகன்ற இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்து இலையை மடித்துத் தைத்து, உள்ளே கூடு வைக்கும். அதன் குஞ்சுகளுக்கு உணவு புழுவும் பூச்சியும். கறிவேப்பிலைப் புழுக்களில் பல இப்படித்தான் முடிகின்றன.

பழத்துக்கு வருபவை வேறு கூட்டம். தேன்பழ மரம் ஒன்று இருந்தால் சின்னான், குக்குறுவான், பூங்கொத்தி, குயில் எல்லாம் வரும். குயிலில் பாடுவது கறுப்பு ஆண். உடல் முழுக்கப் புள்ளி போட்ட பழுப்புப் பறவை பெண். சருகைப் பெருக்கித் தள்ளாத மூலையில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கிளறும். குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவி வடக்கிலிருந்து வந்து தங்குவதும் இப்படிப்பட்ட மூலைகளில்தான். சுத்தமாகக் கூட்டிய தோட்டம் பறவைகளுக்கு அத்தனை உவப்பானதல்ல.

பறவைகளுக்குச் சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரமும் மாலையும் நல்ல நேரம். வண்ணத்துப்பூச்சி வெயிலில் உடலைச் சூடேற்றிக்கொண்ட பிறகே பறக்கும் என்பதால், காலையில் சிறகு விரித்துக் குளிர்காயும் நேரத்தில் அருகே போக இடங்கொடுக்கும். பத்து மணிக்கு மேல் பிடிகொடுக்காது. கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்து சிறகு காயக் காத்திருக்கும் பூச்சி இன்னும் சுலபம். நிழல் அதன்மேல் விழாமல் மெதுவாக நெருங்க வேண்டும்.

பறவைக்கு 300 அல்லது 400 மி.மீ. லென்ஸ் உதவும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 வினாடி போதும்; துறுதுறுவென்று தாவும் தேன்சிட்டுக்கு 1/1000க்குக் குறையக் கூடாது. ஃபோகஸ் கண்ணில் இருக்க வேண்டும். சன்னலே நல்ல மறைவிடம்: அறை விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்தால் பிரதிபலிப்பு விழாது. வண்ணத்துப்பூச்சிக்கு 100 மி.மீ. அளவிலான மேக்ரோ லென்ஸ் ஏற்றது. அப்பர்ச்சர் எஃப்/8 வைத்து, விரித்த சிறகுக்கு நேர் இணையாகக் கேமராவைப் பிடித்தால் இரண்டு ஓரங்களும் தெளிவாக விழும். சற்றுச் சாய்ந்தாலும் ஒரு பக்கம் மங்கிவிடும். கைப்பேசியும் குறைந்ததல்ல, அருகே போகும் பொறுமை இருந்தால்.

கூட்டைப் படமெடுப்பது தனி விஷயம். மறைக்கும் இலையை ஒதுக்கினால், கிளையை வெட்டினால், அடுத்து அங்கே வருவது காக்கையாகவோ பூனையாகவோ இருக்கும். தாய்ப்பறவை இரையோடு வந்து கூட்டுக்குள் நுழையாமல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் மனிதர் நிற்கும் தூரம் போதவில்லை என்று பொருள். இனப்பெருக்கக் காலத்தில் கூடுகளைப் படமெடுக்காமல் விடுவதே மேல்.

எடுத்த படத்தில் நாளும் இடமும் பதிந்திருந்தால் அது அழகுக்கு மேல் ஆவணமுமாகிறது. கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் பார்த்த பறவைகளைப் பட்டியலிடலாம். தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு வீட்டுக் கொல்லையிலிருந்தே பட்டியல் அனுப்பலாம். வண்ணத்துப்பூச்சிப் படங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் தளம் உண்டு. அங்கே அனுப்புபவர்கள் மூடிய சிறகின் அடிப்புறத்தையும் ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது. விரலகலம்கூட இல்லாத நீலன் இனங்களில் பலவற்றை மேற்புறத்தை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. அடிச்சிறகின் புள்ளிகளும் கோடுகளும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை வைத்தே அவற்றுக்குப் பெயர் சொல்கிறார்கள்.