நாகூர் வீட்டுத் தண்ணீர்: நாக்குக்குத் தெரியாத ஆபத்தும் நமக்குள்ள உரிமையும்

நாகூரில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் புழங்குகிறது. நகராட்சிக் குழாயில் வரும் நல்ல தண்ணியைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்துவைத்துக் குடிக்கிறோம், சமைக்கிறோம். போர் தண்ணி மோட்டாரில் மாடித் தொட்டிக்கு ஏறி, குளிக்கவும் துவைக்கவும் பயன்படுகிறது. ஒரு வாய் குடித்தால் எது எதுவென்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இதனாலேயே ஒரு தவறான நம்பிக்கையும் வேரூன்றிவிட்டது: கரித்தால் கெட்ட தண்ணீர், கரிக்காவிட்டால் பயமில்லை. உயிருக்கு உலை வைக்கும் பல அசுத்தங்களுக்கு ருசியும் கிடையாது, நிறமும் கிடையாது. அவற்றைப் பரிசோதனைதான் காட்டும். அந்தப் பரிசோதனையின் முடிவைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

நிலத்தடி நீர் ஏன் உப்பானது?

நாகூர் காவிரியின் கடைமடை. வெட்டாறு கடலில் கலக்கும் ஊர். கடலோர மணலுக்கடியில் மழைநீர் தேங்கும்போது, எடை குறைந்த நன்னீர் மேலேயும் அடர்த்தியான கடல்நீர் கீழேயும் நிற்கும். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக்கணக்கு. மேல் மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியிலிருந்து உப்புநீர் 40 அடி மேலே ஏறக்கூடும். ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளில் எல்லாரும் போரை ஆழப்படுத்தி உறிஞ்சும்போது நடப்பது இதுதான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அலை கடலோரக் கிணறுகளுக்குள்ளேயே கடல்நீரைக் கொட்டிவிட்டுப் போனது.

ஆகவேதான் நாகை மாவட்டம் குடிநீருக்குக் கொள்ளிடம் ஆற்றை நம்பியிருக்கிறது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஆற்றுப் படுகையிலிருந்து எடுக்கும் தண்ணீர் நெடுந்தூரம் குழாயில் வருகிறது. வழியில் குழாய் உடைந்தாலும், மின்சாரம் நின்றாலும் கடைசியில் இருக்கும் தெருக்கள் தவித்துப்போகும். 2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது டெல்டா மக்கள் குடிநீருக்கு எவ்வளவு அலைந்தார்கள் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

கடினத்தன்மை வேறு, உப்பு வேறு

தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் அளவுதான் கடினத்தன்மை. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, ஹீட்டரிலும் பாத்திரத்திலும் வெள்ளையாகக் கல் படியும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012) ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை ஏற்கிறது, வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. கரைந்துள்ள மொத்த உப்புகளுக்கு, அதாவது டி.டி.எஸ்ஸுக்கு, இந்த வரம்புகள் 500, 2,000. குளோரைடுக்கு 250, 1,000.

கடினமான தண்ணீர் குடித்தால் சிறுநீரகக் கல் வரும் என்ற பயம் ஊரெங்கும் உண்டு. இதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டியவைதான். வெயிலில் உழைத்துவிட்டுப் போதுமான தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் கல் உருவாக முக்கியக் காரணங்களில் ஒன்று.

கவலைப்பட வேண்டியது கடலோர உப்பைப் பற்றி. அதில் சோடியம் இருக்கிறது. ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் தொடர்பான நோய் உள்ளவர்களுக்கு அது கூடாது. வங்கதேசக் கடலோரத்தில் தாகோப் பகுதியில் நடந்த ஆய்வு, உப்புநீர் குடித்த கர்ப்பிணிகளிடம் உயர் ரத்த அழுத்தம் அதிகம் இருந்ததைக் காட்டியது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில், கரிக்கும் போர் தண்ணீரைக் குடிக்கவோ உலை வைக்கவோ வேண்டாம். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். கொதிக்கவைப்பது பைகார்பனேட்டால் வரும் தற்காலிகக் கடினத்தன்மையை மட்டும் குறைக்கும். சோடியமும் குளோரைடும் அப்படியே நிற்கும். நீர் ஆவியாக ஆவியாகச் செறிவு கூடும்.

நாக்கு அறியாத இரண்டு

முதலாவது, கிருமி. குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருந்தால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே புகாது. நமக்கோ தண்ணீர் குறிப்பிட்ட நேரம்தான் வருகிறது. நின்றதும் குழாய் காலியாகிறது. விரிசல் இருக்கும் இடத்தில் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சினால் ஆபத்து இன்னும் கூடும். இது விதிமீறல், அடுத்த வீட்டின் தண்ணீரைப் பறிப்பதோடு, சாக்கடையை நம் குடத்துக்கே இழுத்து வருகிறது. தரத்தின்படி 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். லேசான குளோரின் வாசனை வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். அது காவல் இருப்பதன் அடையாளம்.

இரண்டாவது, நைட்ரேட். கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் வயல் உரத்திலிருந்தும் மணல் வழியே ஆழமில்லாத கிணறுகளுக்கு வரும். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், தளர்வு கிடையாது. அதிகமானால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது. கிணற்றுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும். நெருக்கமான மனைகளில் அது அமையாது என்றால், அந்தக் கிணற்று நீரில் குழந்தைக்குப் பால் கரைக்கக் கூடாது.

ஆர்.ஓ. விற்பவரின் வித்தை

வீட்டுக்கு வரும் ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திர விற்பனையாளர் இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்து, உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார். குழாய் தண்ணீர் பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக நிற்கும். இதைத்தானா குடிக்கிறோம் என்று வீட்டார் நடுங்கிப்போவார்கள். அந்த நிறம் தண்ணீரின் அழுக்கு அன்று, கரைந்துபோன இரும்புக் கம்பி. உப்பு இருக்கும் நீரில் மின்சாரம் பாய்ந்து கம்பியை அரிக்கிறது. உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை. டி.டி.எஸ். மீட்டரும் உப்பை மட்டுமே காட்டும். அதில் 150 என்று காட்டும் தண்ணீரில் காலரா கிருமி இருக்கலாம்.

டி.டி.எஸ். 500-க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் உத்தரவிட்டது. காரணம், அது தேவையான தாதுக்களையும் நீக்கி, ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டரை வீணாக்குகிறது. நகராட்சித் தண்ணீருக்கு வடிகட்டலும் கொதிக்கவைத்தலுமே பெரும்பாலும் போதும். போர் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும் என்ற வீட்டுக்கு ஆர்.ஓ. உதவும்.

கேன் தண்ணீர் வாங்குவோர் உணவுப் பாதுகாப்பு உரிம எண், நிரப்பிய தேதி, முத்திரை மூன்றையும் பாருங்கள். இல்லாவிட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள்.

உரிமையும் வழியும்

மாசற்ற நீர் வாழும் உரிமையின் பகுதி என்று 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அரசமைப்பின் 21-ஆம் பிரிவு அதற்கு அடிப்படை. குடிநீர் வழங்கல், அரசமைப்பின் 12-ஆவது அட்டவணைப்படி நகராட்சியின் பணி. நாகூர் நாகப்பட்டினம் நகராட்சிக்குள் வருவதால் முதல் கேள்வியை அங்கேதான் கேட்க வேண்டும்.

தண்ணீர் கலங்கலாக வந்தாலோ நாற்றம் அடித்தாலோ தேதி, நேரம், தெரு குறித்து எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பலன் இல்லாவிட்டால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100 இருக்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டமும் இருக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ‘எங்கள் வார்டில் ஆறு மாதமாக எடுத்த குளோரின், ஈ.கோலி, கடினத்தன்மை பரிசோதனை முடிவுகளைத் தருக. மேல்நிலைத் தொட்டி கழுவிய தேதிகளைத் தருக’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிருக்கு ஆபத்து சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரத்தில் வர வேண்டும்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டி நாமே பரிசோதிக்கலாம். ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான கேனில் 2 லிட்டர் பிடித்தால் போதும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் தூய பாட்டிலில் பிடித்து அன்றே குளிர்ச்சியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

எதற்கும் மசியாத குறைக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 22ஏ பிரிவு குடிநீர் வழங்கலைப் பொதுப் பயன்பாட்டுச் சேவையாகக் கொள்கிறது. நிரந்தர மக்கள் நீதிமன்றத்தில் நீதிமன்றக் கட்டணம் இல்லாமல் முறையிடலாம்.

நம் கையில் இருப்பது

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் தண்ணீர். நாகூர் மணல் அதை உடனே உறிஞ்சும். உப்பைக் கீழே அழுத்திவைக்க அதைவிட மலிவான வழி இல்லை. ஐப்பசி மழைக்கு முன்பே அடைந்துபோன குழாயையும் குழியையும் சரிசெய்யுங்கள்.

நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்கு லட்சக்கணக்கான யாத்ரீகர்கள் வரும் நாட்களில் ஒரு விரிசல் குழாய் ஊர் முழுவதையும் படுக்கவைத்துவிடும். அந்த நாட்களில் தெருக்குழாய்களில் தினமும் குளோரின் சோதித்து, அளவைப் பொதுஇடத்தில் எழுதிவைக்கச் சொல்லிக் கேட்போம். ஜமாஅத்தும் குடியிருப்போர் சங்கமும் மீனவப் பஞ்சாயத்தும் சேர்ந்து கேட்டால் மறுக்க யாராலும் முடியாது. வரி கட்டுகிறோம், குடிநீர்க் கட்டணமும் கட்டுகிறோம். குடிக்கும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நம் உரிமை. இந்த மாதமே உங்கள் தெருவுக்கு ஒரு மனு எழுதுங்கள்.