ஓடும் திசு

கேமரன் மலை ரிங்லெட் பக்கம் மழை விட்ட பிறகு தேயிலைக் காட்டோரம் நடந்தால் காலில் அட்டை ஏறிவிடும். பிடுங்கி எறிந்த பிறகும் கடிவாயில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். இதன் காரணம் புரிய ரத்தத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு இவற்றோடு ரத்தமும் இணைப்புத் திசு வகைதான். இந்த வகைத் திசுக்களில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்காது; நார்கள் கொண்ட ஓர் இடைப்பொருளில் சிதறியிருக்கும். எலும்பில் அந்த இடைப்பொருள் கெட்டி. ரத்தத்திலோ பிளாஸ்மா என்ற திரவம். ரத்தத்தில் சுமார் 55 சதவீதம் பிளாஸ்மாதான். அதிலும் பெரும்பங்கு தண்ணீர். அப்படியானால் நார்கள்? ஃபைப்ரினோஜென் என்ற புரதமாகப் பிளாஸ்மாவில் கரைந்திருக்கின்றன. காயம் பட்டதும் தட்டணுக்கள் வாயை அடைக்க, த்ராம்பின் என்ற நொதி அந்தப் புரதத்தை இழைகளாக்கி வலை பின்னுகிறது. அட்டையின் எச்சில் த்ராம்பினையே முடக்கிவிடுகிறது. வலை பின்னத் தாமதமாகிறது.

உணவுச்சத்து, ஹார்மோன், கழிவு, உடல் சூடு எல்லாவற்றையும் இடம் மாற்றுவது பிளாஸ்மா. கிருமிகளோடு மல்லுக்கட்டுவது வெள்ளணுக்கள். தோட்டத்து ஆட்களுக்கு அதிகம் சோதனை தருவது சிவப்பணுதான். எலும்பு மஜ்ஜையில் பிறந்து ஏறக்குறைய 120 நாள் ஓடி அது மடிகிறது. ஆக்சிஜனைப் பிடித்து வைப்பது அதிலுள்ள ஹீமோகுளோபின். அதற்கு இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால் மூச்சு வாங்கும், மேட்டில் ஏறக் கால் வராது.

இந்தத் தளர்ச்சி கொழுந்துக் கூடையிலும் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1979-ல் வெளியானது. இரும்பு மருந்து கொடுத்து ஹீமோகுளோபின் ஏறியதும் ஒரு மாதத்திலேயே அவர்கள் எடுத்த கொழுந்தின் அளவும் கூடியது. ரத்தசோகை கடுமையாக இருந்தவர்களிடம் ஏற்றம் இன்னும் அதிகம். முதலாளிக்கும் கணக்கு பார்த்தால் லாபம்தான்.

வேடிக்கை என்னவென்றால், பறிக்கிற இலையே இரும்புக்கு எதிரி. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் சோறு, பருப்பு, கீரை இவற்றின் இரும்பைக் கட்டிப்போட்டு குடலில் ஏறவிடாது. டர்பனில் இந்தியப் பெண்களை வைத்து 1975-ல் இதைக் காட்டினார்கள். சாப்பாட்டோடு தே ஓ (பாலில்லாத தேநீர்) குடிக்கும் பழக்கமுள்ளவர்கள் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் தடை வெகுவாகக் குறையும். இறைச்சியின் இரும்பைத் தேநீர் அவ்வளவாகத் தொடாது. எலுமிச்சை பிழிந்த கீரைக்கும் கொஞ்சம் தப்பிக்க வழியுண்டு.