பல்லுறையின் வலிமை

முறிந்த எலும்பு மீண்டும் கூடுகிறது. கீறுண்ட தோல் சில நாட்களில் ஆறிவிடுகிறது. ஆனால், பல்லை மூடியுள்ள எனாமல் ஒருமுறை அழிந்துவிட்டால் மீண்டும் வளர்வதில்லை. மனித உடலிலுள்ள பொருள்களுள் மிகக் கடினமானது இதுவே. இதன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 96 பங்கு கனிமப் பொருளாகும். இத்துணைக் கடினமான பொருளும் சொத்தையாலும் அடிபடுவதாலும் சிதைவதுண்டு. சிதைவு மிகுந்த பல்லைப் பல் மருத்துவர் சுற்றிலும் சிறிது செதுக்கி, அதன்மீது பல்லின் வடிவமும் நிறமும் உடைய ஓர் உறையைப் பொருத்துகிறார். இதனைப் பல்லுறை என்பர்.

அமெரிக்க நாட்டுப் பல் மருத்துவரான சார்லஸ் லாண்டு என்பவர் 1903ஆம் ஆண்டளவில் பீங்கானால் பல்லுறை செய்யும் முறையை அறிமுகப்படுத்தினார். அவ்வுறைகள் அழகுடையனவாயினும் எளிதில் உடைந்தன. 1965ஆம் ஆண்டில் மக்லீன், ஹியூஸ் என்னும் இருவர் பீங்கானுடன் அலுமினாவைக் கலந்து அதன் வலிமையைப் பெருக்கினர். எனினும், உறையின் வலிமை அது செய்யப்பட்ட பொருளை மட்டும் பொறுத்ததன்று. அதனைத் தாங்கும் பல் செதுக்கப்பட்ட வடிவத்தையும் பொறுத்தது. அது யாங்ஙனம் என்பதைக் காண்போம்.

பீங்கான் அமுக்கு விசையை நன்கு தாங்கும்; இழுவிசையை அவ்வாறு தாங்காது. அதன்கண் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய கீறல்கள் உள்ளன. அமுக்கும்பொழுது அவை மூடிக்கொள்கின்றன. இழுக்கும்பொழுது வாய் திறக்கின்றன. கண்ணாடி அறுப்பவர் வைர முனையால் ஒரு கோடு கீறி, இலேசாக வளைத்தவுடன் கண்ணாடி அக்கோட்டின் வழியே பிளவுபடுவதை யாவரும் கண்டிருப்பர். பொருளின் ஓரலகுப் பரப்பில் செயற்படும் விசையைத் தகைவு என்பர். துளைகளின் கூரிய முனைகளில் இத்தகைவு பன்மடங்கு பெருகுகிறது என்பதை 1913ஆம் ஆண்டில் இங்கிலிஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். முனை எத்துணைக் கூர்மையோ, அத்துணைத் தகைவு அங்கே குவியும்.

உணவை மெல்லுங்கால் உறையை மேலிருந்து அமுக்குகிறோம். அமுக்கு விசையைத் தாங்கும் பீங்கான் அப்பொழுது உடைவானேன்? எனாமலுக்கு அடியிலுள்ள டென்டைன் பீங்கானைப்போல் விறைப்புடையதன்று. இக்காலப் பீங்கான் வகைகளுள் ஒன்றாகிய லித்தியம் டைசிலிகேட்டு, டென்டைனைவிட ஏறத்தாழ 5 மடங்கு விறைப்பானது. ஆதலின், மேலிருந்து அழுத்தம் வரும்பொழுது டென்டைன் சிறிது இணங்கிக் கொடுக்கிறது. உறை மிக நுண்ணிய அளவில் வளைகிறது. மெத்தைமேல் வைத்த கண்ணாடிப் பலகையை அழுத்துவதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். பலகையின் மேற்புறம் அமுங்குகிறது, அடிப்புறம் இழுபடுகிறது. எனவே, வெடிப்புப் பலவேளைகளில் கண்ணுக்குத் தெரியாத உட்புறத்திலேயே தொடங்குகிறது.

அச்சில் வார்த்த வெல்லம் அச்சின் வடிவைப் பெறுவதுபோல, உறையின் உட்புறம் செதுக்கிய பல்லின் வடிவைப் பெறுகிறது. பல்லில் கூரிய மூலை ஒன்று இருப்பின், உறையின் உள்ளே அதற்கு நேராகக் கூரிய பள்ளம் அமையும். இழுவிசை மிக்க இடத்திலேயே தகைவும் குவியுமாயின் உறை எங்ஙனம் பிழைக்கும்? ஆகவே, மருத்துவர் மூலைகளையெல்லாம் வழவழப்பாக உருட்டிவிடுகிறார். ஈற்றினருகே பீங்கான் மெலிந்து சிதறாதவாறு, சிறு திண்ணைபோன்ற விளிம்பு ஒன்றைப் பல்லைச் சுற்றிலும் அமைக்கிறார். திண்ணையின் உள்மூலையும் வளைவாகவே இருத்தல் வேண்டும். பக்கங்களை மேனோக்கிச் சிறிதளவே குறுகச் செய்கிறார். மிகுதியாகக் குறுகினால் உறை பற்றிக்கொள்ளாது.

உறையின் தடிப்பும் இன்றியமையாதது. வளையும் தகட்டின் தடிப்பைப் பாதியாக்கினால், அது தாங்கும் சுமை ஏறத்தாழக் காற்பங்காகக் குறையும். கடைவாய்ப் பல்லின் மேற்புறத்தில் பீங்கானுக்கு 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை இடம் விடுவது வழக்கம். அங்ஙனமாயின் இன்னும் ஆழமாகச் செதுக்கலாகாதோ எனில், ஆகாது. பல்லின் நடுவே நரம்புகளும் குருதிக் குழாய்களும் அடங்கிய பற்கூழ் உள்ளது. மிகுதியாகச் செதுக்கினால் அதற்கு ஊறு நேரும். எஞ்சிய பல்லும் வலிமை குன்றும். குறைவாகச் செதுக்கினால் உறை உடையும். மிகுதியாகச் செதுக்கினால் பல் அழியும். இவ்விரண்டிற்கும் இடையே அளவறிந்து நிற்பதே மருத்துவரின் திறன்.

சிர்கோனியாவில் வெடிப்பின் முனையிலுள்ள துகள்கள் உருமாறிப் பருத்து, வெடிப்பு மேலும் பரவாமல் நெருக்குகின்றன. இதனை 1975ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். இத்தகைய பொருளால் முன்னிலும் மெல்லிய உறைகள் செய்ய இயலுகிறது. அதனால் செதுக்கப்படும் பல்லின் அளவும் குறைகிறது. ஆயினும், கூரிய மூலைகளைத் தவிர்க்கும் விதி மாறவில்லை.

பளபளக்கும் உறையையே காண்போர் கண் காண்கிறது. அதனை நெடுநாள் காப்பதோ, உள்ளே மறைந்து நிற்கும் பல்லின் செம்மையான வடிவமாகும். இயற்கை தந்த எனாமலைக் கேடுறாமல் போற்றுவோர்க்கு, இவ்வுறையின் தேவையே எளிதில் நேராது.