கதை பிறக்கும் முன்னே விளம்பரம் பிறந்தது! - "சந்திரலேகா" ஊர் ஊராக வந்த விதம்

பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் தேடுகிறவர்கள் உண்டு. ஆனால், கதை பிறக்கும் முன்னே படத்துக்குப் பெயர் வைத்து, நாடெங்கும் விளம்பரமும் செய்தவரைத் தெரியுமா?

அவர்தான் ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ்.வாசன். படத்தின் பெயர், "சந்திரலேகா".

அது இரண்டாவது உலக யுத்த காலம். 1943-ம் ஆண்டு வாசனின் "மங்கம்மா சபதம்" வெளிவந்து வெற்றி பெற்றது. அடுத்த படம் "சந்திரலேகா" என்று அவர் அறிவித்தார். பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. மீண்டும் வந்தது. ஜனங்கள் ஆவலோடு காத்திருந்தார்கள்.

ஆனால், அப்போது வாசனிடம் இருந்தது கதாநாயகியின் பெயர் ஒன்றுதான். கதை இல்லை!

ஒரு வாரம் கெடு

ஜெமினியில் கதை இலாகா என்றே ஒரு பிரிவு இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு முதலிய எழுத்தாளர்கள் அதில் இருந்தார்கள். மாதக்கணக்கில் யோசித்தார்கள். ஒன்றும் சரிப்படவில்லை.

வாசன் பொறுமை இழந்தார். "சந்திரலேகாவை விட்டுவிட்டு ஔவையார் கதையை எடுத்துவிடலாம்" என்ற எண்ணம் வந்தது. கடைசியாக ஒரு வாரம் கெடு கொடுத்தார்.

அந்த வாரத்தில் வேப்பத்தூர் கிட்டு ஓர் ஆங்கில நாவலைப் புரட்டினார். ரெயினால்ட்ஸ் என்பவர் எழுதியது. அதில் ஒரு காட்சி. ஒரு பெண் வண்டியில் போகிறாள். கொள்ளைக்காரன் வழிமறிக்கிறான். "ஆடு" என்று மிரட்டுகிறான். இந்த ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து முழுக் கதையும் வளர்ந்தது. (ஔவையார் படமும் வீணாகவில்லை. 1953-ல் வந்தது.)

வாசனுக்கு இந்தத் துணிச்சல் எப்படி வந்தது? அவர் தொழிலைத் தொடங்கியதே விளம்பரத்தில்தான். விளம்பரம் சேகரித்துக் கொடுக்கும் வேலை பார்த்தவர், 1928-ல் "ஆனந்த விகடன்" பத்திரிகையை வாங்கினார். பிறகுதான் சினிமாவுக்கு வந்தார்.

பிலிமுக்குப் பஞ்சம்

அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் மட்டுமா யுத்தத்தில் பஞ்சம்? பிலிமுக்கும் பஞ்சம்தான். பிலிம் முழுவதும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். கப்பல்களோ யுத்தத்துக்குப் போய்விட்டன.

படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. ஒரு நிமிடப் படத்துக்கு 90 அடி பிலிம் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்! பாகவதர் நடித்த "ஹரிதாஸ்" (1944) இந்த அளவுக்குள் அடங்கிய படம்தான். அதுதான் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளியைக் கண்டது.

சர்க்கார் யுத்தத்துக்கு ஆதரவு தேடும் படங்களும் எடுக்கச் சொன்னது. அப்படி 1945-ல் வந்தவைதான் மாடர்ன் தியேட்டர்ஸ் "பர்மா ராணி", கே.சுப்பிரமணியத்தின் "மான சம்ரட்சணம்" முதலியவை. கொட்டகைகளில் யுத்தச் செய்திப் படமும் காட்டவேண்டியிருந்தது.

எழுத்துத் தெரியாதவருக்கு?

இனி, தெற்கே வருவோம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒன்று பஞ்சாலை ஊர். மற்றொன்று ஆண்டாள் கோவில் ஊர். சென்னையில் எடுத்த படத்தைப் பற்றி இங்கே எப்படிச் சொல்வது?

பத்திரிகை விளம்பரம் போதாது. 1951-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். மற்ற 82 பேரும் சினிமா பார்க்க வேண்டாமா?

அதனால் விளம்பரம் காதுக்கும் கண்ணுக்கும் பேசியது.

தென் மாவட்டத்து ஊர்களில் அந்தக் காலத்து வழக்கம் இது. ஒரு மாட்டு வண்டி. இரண்டு பக்கமும் மூங்கில் தட்டி. தட்டியில் ராஜா, ராணி, கத்திச் சண்டைப் படங்கள். வண்டிக்குள் ஒருவர் டமாரம் அடிப்பார். இன்னொருவர் தகரக் குழாயை வாயில் வைத்துக் கூவுவார். பணம் உள்ள கொட்டகை என்றால் பேண்டு வாத்தியமும் உண்டு.

வண்டிக்காரருக்குக் கூட்டம் எங்கே கூடும் என்று தெரியும். மில் ஷிப்டு விடும் நேரம் ஒரு இடம். சந்தை கூடும் நாள் ஒரு இடம். ஆடிப்பூரம் போன்ற தேர்த் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம். சுற்று வட்டாரத்து ஜனங்கள் எல்லாரும் ஊருக்கு வந்துவிடுவார்கள்.

வண்டியிலிருந்து நோட்டீசு பறக்கும். ரோஜா நிறம், மஞ்சள், பச்சை! சிறுவர்கள் வண்டிக்குப் பின்னால் ஓடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால், படிக்கத் தெரிந்த அண்ணனோ அக்காவோ உரக்கப் படிக்க வேண்டும். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து கேட்பாள். கதையைப் பாதிவரை சொல்லிவிட்டு, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நோட்டீசு நிறுத்திவிடும். பாட்டிக்குக் கோபம் வரும். மறுநாள் கொட்டகைக்குப் போகவும் ஆசை வரும்!

கொட்டகை வாசல்

கொட்டகை வாசலும் ஒரு கடைவீதி போலத்தான். வாழை மரம் கட்டுவார்கள். மாவிலைத் தோரணம் தொங்கும். மேலே வண்ணத்தில் எழுதிய பெரிய பானர். கண்ணாடிப் பெட்டிக்குள் படக் காட்சிகளின் போட்டோக்கள். கையில் காசு இல்லாதவர்கள் அந்தப் போட்டோக்களை வரிசையாகப் பார்த்தே கதை சொல்லிக்கொள்வார்கள். டூரிங் கொட்டகையில் கண்ணாடிப் பெட்டி ஏது? கீற்றுச் சுவரில் சாத்திய தட்டியே போதும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே படக் கம்பெனிகள், எப்படி விளம்பரம் செய்யலாம் என்று கொட்டகைக்காரர்களுக்குப் புத்தகமே அச்சிட்டு அனுப்பின. யுத்தப் படம் என்றால் வாசலில் ராணுவத் தளவாடங்களை வைப்பார்கள். சிப்பாய்கள் அணிவகுத்து வருவார்கள். யுத்தக் கடன் பத்திரமும் அங்கேயே விற்பார்கள். நம் ஊரில் வாழை மரம், அங்கே பீரங்கி!

முரசே விளம்பரம்

"சந்திரலேகா" படப்பிடிப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. முதலில் டைரக்ட் செய்தவர் பாதியில் விலகினார். வாசனே டைரக்டர் ஆனார். யுத்தம் முடிந்தது; பிலிம் கட்டுப்பாடும் நீங்கியது. படம் ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்துக்கு வளர்ந்தது.

டி.ஆர்.ராஜகுமாரி, எம்.கே.ராதா, ரஞ்சன் நடித்தார்கள். நிஜமான சர்க்கஸ் கம்பெனிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக முரசு நடனம்! பிரம்மாண்டமான முரசுகள். அவற்றின்மேல் ஆடும் பெண்கள். நடனத்தில் 400 பேர். ஆறு மாதம் ஒத்திகை. நடனம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் குதித்து வந்து கோட்டையைப் பிடிப்பார்கள். அந்த ஒரு காட்சிக்கே ரூ.5 லட்சம் செலவு என்று சொல்வார்கள்.

எழுத்துத் தெரியாதவருக்கும் இதைவிட நல்ல விளம்பரம் உண்டா? முரசின்மேல் ஒரு பெண் ஆடும் படம். அது ஒன்றே போதும். தட்டி வண்டிக்காரர் அடித்த டமாரத்தைவிடப் பெரிய முரசு!

சொன்ன சொல்லின் விலை

மொத்தச் செலவு சுமார் ரூ.30 லட்சம். அன்று அது மலைக்க வைக்கும் தொகை. வாசன் சொத்துக்களை அடகு வைத்தார். படத்தைப் பாதியில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஊர் முழுவதும் சொல்லியாகிவிட்டது. சொன்ன சொல்லை என்ன செய்வது?

1948 ஏப்ரல் 9-ந் தேதி படம் வெளிவந்தது. கூட்டம் அலைமோதியது. ஆனாலும் தமிழில் போட்ட பணம் முழுவதும் திரும்பவில்லை!

வாசன் சோர்ந்துவிடவில்லை. படத்தை இந்தியில் தயாரித்தார். மீண்டும் விளம்பரம், முன்னிலும் பெரிய விளம்பரம். 1948 டிசம்பரில் இந்திப் படம் வெளிவந்து வட நாட்டைக் கலக்கியது. நஷ்டம் தீர்ந்து லாபம் வந்தது. சென்னைப் படத்துக்கு வட இந்தியாவின் கதவு திறந்தது.

வாசனின் விளம்பரத்தைக் கண்டு பம்பாய்ப் பட முதலாளிகள் திகைத்தார்கள். பத்திரிகையில் ஒரு படத்துக்கு இவ்வளவுதான் விளம்பரம் செய்யலாம் என்று வரம்பு கட்டத் தீர்மானமே போட்டார்கள்!

இன்று தட்டி வண்டி இல்லை. ரோஜா நிற நோட்டீசும் இல்லை. பல ஊர்களில் பழைய கொட்டகைகள் கலியாண மண்டபங்களாகிவிட்டன. படம் வரும் சேதி செல்போனில் வந்துவிடுகிறது. டமாரம் அடிக்கும் ஆள் மாறினார், டமாரம் நிற்கவில்லை.

முதல் நாள் கூட்டத்தை விளம்பரம் கொண்டுவரும். இரண்டாவது வாரக் கூட்டத்தைப் படம்தான் கொண்டுவர வேண்டும். வாசன் முதலில் டமாரம் அடித்தார். பிறகு ஐந்து வருடம் பாடுபட்டு, அடித்த டமாரத்துக்குத் தகுந்த படத்தைக் கொடுத்தார். அதனால்தான் முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த முரசு நடனத்தைப் பற்றிப் பேசுகிறோம்.