முதுசமும் நஞ்சும்: மரி பெனார் வழக்கு

குடும்பத்தினுள் நஞ்சூட்டல் நிகழ்ந்ததென ஐயம் எழுமிடத்து, மரணத்தாற் சொத்தடைந்தவர் யார் என்பதே முதல் வினாவாகின்றது. இவ்வினாவின் வலுவையும் வரம்பையும் பிரான்சின் லூடன் நகரத்து மரி பெனார் வழக்கிற் காண்கிறோம்.

1947 ஒக்தோபரில் மரியின் கணவர் லெயோன் காலமானார். அவர் நஞ்சூட்டப்பட்டார் என்ற பேச்சு ஊரிற் பரவியது. தோண்டியெடுக்கப்பட்ட பிரேதத்தில் ஆசனிக்கு காணப்படவே, 1949இல் மரி கைதானார். வேறு புதைகுழிகளும் திறக்கப்பட்டன. கொலையுண்டோர் எனக் கருதப்பட்டோர் தொகை 13 வரை உயர்ந்தது. மரணதண்டனை நடைமுறையிலிருந்த காலம் அது.

பிள்ளையற்ற அத்தம்பதியிடம் முதியோரின் உடைமைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருந்தன. அரசதரப்பு இதனையே பிரதான நோக்கமெனக் காட்டிற்று. ஆயின் சொத்துள்ள குடும்பத்தில் முதியோர் இறக்குந்தோறும் எவரேனும் பயன்பெறவே செய்வர். முதுசம் என்ற ஏற்பாடே அத்தகையது. பயன்பெற்றமையே சான்றாயின் வழியுரிமையாளர் அனைவரும் ஐயத்துக்குரியவரே. லெயோனின் மரணத்துக்கோ சொத்து மட்டும் போதாதென, ஜெர்மானியப் போர்க்கைதி ஒருவனுடனான உறவு பற்றிய வதந்தியும் துணைக்கழைக்கப்பட்டது. நோக்கங்கள் இவ்வாறு பெருகுவதை வழக்கின் பலமாக நாம் கொள்வதற்கில்லை.

மரணகாரணமே நிறுவப்படாதவிடத்து நோக்கம் எதனை விளக்கும்? இடுகாட்டு மண்ணிலுள்ள ஆசனிக்கு, நீராலும் பற்றீரியாக்களாலும் பிரேதங்களிற் சேர்ந்திருக்கலாமென எதிர்த்தரப்பு வாதிட்டது. நிபுணர்கள் தம்முள் முரண்பட்டனர். 1952, 1954ஆம் ஆண்டு விசாரணைகள் தீர்ப்பின்றி நின்றன. 1961 டிசெம்பர் 12இல் போர்தோ நகரில் மரி விடுதலையானார். ஏறத்தாழ ஐந்தாண்டுகளை அவர் ஏலவே சிறையிற் கழித்திருந்தார்.