மோட்டார் நிகண்டு

நூலகத்தாரும் நூலென்று எண்ணாத நூல்கள் சில உள. பழைய பஞ்சாங்கம், புகைவண்டி நேரசூசி, கடைகளின் விலைப்பட்டியல் என்பன அவ்வினத்தன. காலங் கழிந்ததும் அவை கடலைச் சுருளாகும். அன்றேல் அடுப்புக்கு இரையாகும். மோட்டார் வண்டிகளின் உதிரிப்பாகப் பட்டியலும் அக்கூட்டத்துள் ஒன்றேயாம். கராச்சுக்காரர் அதனைப் 'பாட்ஸ் புத்தகம்' என்பர். தொல்காப்பியம் படிப்பிக்கும் ஒருவன் கிறீஸ் படிந்த அப்புத்தகங்களைத் தேடித் திரிவானேன் என்று நண்பர் சிலர் வினவுவதுண்டு. நிகண்டு கற்றவனுக்கு அது புதிய நூலன்று என்பதே யான் அவர்க்கு இறுக்கும் விடை.

சூடாமணி நிகண்டு உலகத்துப் பொருள்களின் பெயர்களைப் பன்னிரண்டு தொகுதிகளாக வகுத்து நிறுத்துகின்றது. பாட்ஸ் புத்தகமும் அவ்வாறே எஞ்சின், கிளச், கியர்ப் பெட்டி, பின்னச்சு, ஸ்ரியரிங், பிறேக், மின்சாரம், உடற்கூடு எனத் தொகுதி தொகுதியாகச் செல்லும். தொகுதிதோறும் படங்கள் உண்டு. அவற்றிலே உறுப்புக்கள் ஒன்றையொன்று முட்டாமல், கழற்றிய ஒழுங்கிலேயே வெளியில் மிதப்பன போல நிற்கும். ஆணி எது, அதன்பின் வளையம் எது, அதன்பின் சுருள்வில் எது என்பதைக் கண்ணாற் கண்டுகொள்ளலாம். எதிர்ப்பக்கத்தில் இலக்கம், பெயர், வண்டியொன்றுக்கு வேண்டிய தொகை; ஈற்றில் ஒரு சிறு குறிப்பு. 'இன்ன இலக்க வண்டி வரையும்', 'இன்ன இலக்க வண்டி முதல்' என்று அக்குறிப்புக் கூறும். நூலின் உயிர் அங்கேதான் இருக்கின்றது.

மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த இவ்வண்டி 1948 இல் இலண்டன் ஏள்ஸ் கோட் காட்சியிலே வெளிவந்தது. 1971 வரையில் ஏறக்குறைய 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. புறத்தோற்றம் பெரிதும் மாறவில்லை. அகத்திலே எஞ்சின் நால்வகைப்பட்டது: முதலில் 918 கன சென்ரிமீற்றர், அடுத்து 803, 1956 இல் 948, 1962 இல் 1098. இவற்றுள் 918 இலிருந்து 803 க்கு மாறியது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1952 நடுப்பகுதியிலிருந்து 1953 தொடக்கம் வரையும் இரண்டு வகையும் அருகருகே செய்யப்பட்டன. ஆகவே, '52 ஆம் ஆண்டு மைனர்' என்று மாத்திரஞ் சொல்லிக் கடையிலே பிஸ்ரன் வளையம் வாங்கப் புகுவான் பொருந்தாததையும் வாங்கி வருதல் கூடும். வண்டியின் இலக்கத்தைக் கொண்டு பட்டியலைப் பார்ப்பவனுக்கு அந்த மயக்கம் இல்லை.

இவ்வண்டியைப் பற்றி ஒரு செய்தி. உற்பத்தி தொடங்குந் தறுவாயிலே அகலம் போதாதென்று கண்ட இசிகோனிஸ், மாதிரி வண்டியை நெடுக்காக வெட்டி, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டுவித்தார். முன்னரே செய்து குவித்திருந்த பம்பர்கள் அதனாற் குட்டையாய்ப் போயின. அவற்றையும் நடுவில் வெட்டி, 4 அங்குலத் துண்டொன்றை இடையில் வைத்துப் பூட்டினர். இடைச்செருகல் ஏட்டில் மட்டுமன்றி இரும்பிலும் உண்டு போலும்! அந்தப் பம்பரைக் கண்டு, இது விபத்திலே முறிந்து ஒட்டப்பட்டது என்று விலை குறைத்துக் கேட்பாரும் உளர்.

நிற்க. பழைய பதிப்பு எதற்கு, புதிய பதிப்பிலே திருத்தமெல்லாம் சேர்ந்திருக்குமே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கம்பனியார் ஓர் உறுப்பை மாற்றியமைக்கும்போது அதற்குப் புதிய இலக்கம் இடுவர். பின்வரும் பதிப்பிலே பழைய இலக்கம் பெரும்பாலும் மறைந்துவிடும். கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடையொன்றின் மேற்றட்டிலே அறுபது ஆண்டுகளாக உறங்கும் பெட்டியிலோ இருப்பது பழைய இலக்கம். அவ்விலக்கம் எந்த வண்டியின் எந்த உறுப்பு என்று சொல்லவல்லது பழைய பதிப்பே. புதிய பதிப்பை மாத்திரம் வைத்திருப்பவன் தனக்கு வேண்டிய பொருளைக் கையிலே வைத்துக்கொண்டு, இல்லையென்று திரும்புவான்.

தனித்தாள்களைக் கோத்த பட்டியல்களில் இடர் இன்னும் அதிகம். திருத்தத் தாள் வந்ததும் பழைய தாளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைக் கோத்துவைத்தல் முகவர் கந்தோரின் கடமை. கடமை தவறாத குமாஸ்தா இருந்த கந்தோரிலே ஒரு பழைய தாளும் எஞ்சாது. சோம்பேறிக் குமாஸ்தா இருந்த இடத்திலேதான் நமக்கு வாழ்வு. அவர் நீடு வாழ்க! இந்நூல்கள் முகவர்க்கும் கராச்சுக்கும் மாத்திரம் சென்றவை. ஒஸ்ரினும் மொறிசும் 1952 இல் ஒன்றாயின, 1968 இல் லேலண்ட் கூட்டுக்குள் அடங்கின. அப்பால் நுண்படத் தகடும் கணினியும் வந்தன. மாற்றந்தோறும் ஒரு குவியல் புத்தகம் குப்பைக்குப் போயிற்று.

எங்கள் பகுதியில் இப்புத்தகங்களுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1990 இல் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. புதிய வண்டிகள் கொட்டிலிலே உறங்கின. ஒஸ்ரின் ஏ 40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகிய கிழட்டு வண்டிகள் வீதிக்கு வந்தன. அவற்றின் எஞ்சினில் அமுக்கம் குறைவு. ஆதலால் மண்ணெண்ணெயையும் சகித்துக்கொள்ளும். சிறிது பெற்றோலை ஊட்டி எஞ்சினைச் சூடேற்றி, அதன்பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நோயாளரும் பிள்ளைப்பேற்றுக்குப் போனவரும் மணமக்களும் அந்தப் புகையினூடே பயணஞ் செய்தனர். யான் அப்போது இளைஞன். அப்புகையின் மணம் இன்னும் மறக்கவில்லை.

ஆயின் மண்ணெண்ணெய் முற்றாக எரிவதில்லை. எஞ்சியது கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். பேறிங்கும் வளையமும் விரைவிலே தேயும். உதிரிப்பாகமோ கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்போது கராச்சுக்காரர் செய்தது நாம் ஏடுகளை ஒப்புநோக்குவது போன்ற தொழில். 803 எஞ்சின் முதலில் ஒஸ்ரின் ஏ 30 இற்காகச் செய்யப்பட்டது. பின்னரே மைனருக்கு வந்தது. இரண்டு வண்டிகளின் புத்தகங்களையும் பக்கத்திற் பக்கத்தில் விரித்து, ஒரே இலக்கம் இரண்டிலும் நிற்கக் கண்டால், இறந்த வண்டியின் உறுப்பு இருக்கும் வண்டிக்கு ஆகும். அமெரிக்காவில் இவ்வாறு ஒன்றுக்கொன்று பொருந்தும் உறுப்புக்களைத் தொகுத்து ஹொலண்டர் என்பார் 1934 முதல் தனி நூலாகவே வெளியிட்டனர். இங்கே அந்நூலை மனத்திலே எழுதிக்கொண்டனர்.

எங்கள் ஊரில் மெக்கானிக் ஒருவர் இருந்தார். 1995 ஐப்பசி 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, அவர் சைக்கிளிலே கட்டிக்கொண்டு போனவை ஓர் அரிசிப் பை, ஒரு சாவிப் பை, பொலித்தீனிற் சுற்றிய மைனர்ப் பாட்ஸ் புத்தகம் ஆகிய மூன்றுமே. அவர் மறைந்தபின் மகன் அதனை என்னிடம் கொண்டுவந்து தந்தார்.

"பண்டிதர் ஐயா, அப்பா வேற புத்தகம் ஒண்டும் படிச்சதை நாங்கள் காணேல்லை. இதை நீங்களே வைச்சிருங்கோ."

அந்நூலின் ஓரமெங்கும் பென்சிலால் எழுதிய தமிழ்க் குறிப்புக்கள். மூலத்துக்கு உரை எழுதியது போலவே இருக்கின்றது. மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் துறனியன் என்னும் உறுப்பின் மரை, வலப்பக்கத்தில் ஒருவிதமாகவும் இடப்பக்கத்தில் எதிர்விதமாகவும் வெட்டப்பட்டிருக்கும். கிறீஸ் இன்றித் தேய்ந்தால் ஓடும் வண்டியிலேயே சக்கரம் மடங்கி விழும். மூலம் இரண்டு இலக்கங்களைக் கொடுத்து அமைகின்றது. உரைகாரரோ, 'வலம் இடம் மாறினால் ஆள் தப்பாது' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். அந்தப் பக்கம் மற்றெல்லாப் பக்கத்திலும் கறுத்திருக்கின்றது. எத்தனை தரம் விரல் பட்டதோ!

ஐரோப்பியச் சேகரிப்பாளர் கறையற்ற பிரதிக்கே மிக்க விலை கொடுப்பர். கறை கண்டால் விலை பாதியாகும். இவ்விடயத்தில் யான் அவர்களோடு உடன்படேன். தூய பிரதி அலமாரியில் உறங்கிய பிரதி; அதனை இங்கிலாந்து கேடன் அரும்பொருளகத்திலும் டிற்றொயிற் நகரப் பொதுநூலகத்திலும் நன்றாகப் பாதுகாக்கின்றனர்; மறுபதிப்புக்களும் கிடைக்கின்றன. நம்மவர் உரையோடு கூடிய பிரதிக்கு மறுபதிப்பு ஏது? படத்தாள்களைக் கிழித்துச் சட்டம் போட்டுச் சுவரிலே மாட்டுவாரைப் பற்றி யான் ஒன்றுஞ் சொல்லப்போவதில்லை. சொன்னால் பத்திராதிபர் வெட்டிவிடுவார்.

கொழும்பு விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளிலே யான் பெற்றவை சில; மூடப்பட்ட கராச்சுக்களிலே நிறுவைக்கு வாங்கியவை பல. எண்ணெய் ஊறிய தாளைப் பூச்சி அதிகம் அரிப்பதில்லை என்பது என் அனுபவம்; ஈரமே பகை. மாரிகாலத்திலே தாளுக்கு இடையில் உறிஞ்சுதாள் வைத்து, வெயில் கண்டதும் நிழலில் உலர்த்துகின்றேன். பிரவேச பண்டித வகுப்பு மாணவர் இருவர் பென்சிற் குறிப்புக்களைப் பிரதி செய்து உதவுகின்றனர். அவை ஆண்டுதோறும் மங்கிவருகின்றன.

மெக்கானிக்கின் அப்புத்தகத்திலே பிறேக்குத் தொகுதியின் கடைசி நான்கு தாள்கள் இல்லை. இடப்பெயர்வில் உதிர்ந்தன போலும். அச்சுத் தாள்களை வேறு பிரதியிற் பெற்றுவிட்டேன். அவரிடம் தொழில் பழகியவர்கள் அப்பக்கங்களைப் பார்த்துத் தம் கொப்பியிலே குறித்துக்கொண்டது உண்டு என்று கேள்வி. அத்தகைய கொப்பி எவரிடமேனும் இருப்பின், ஒருநாள் இரவல் தந்தாற் போதும். பிரதி செய்துகொண்டு மறுநாளே திருப்பிக் கொடுப்பேன்.