சாலை யாருடையது என்று முதலில் கேளுங்கள்



கோலா கங்சார் வட்டாரத்தில் சாலையைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு கேள்வி வரும். "நெடுஞ்சாலை கண்ணாடி மாதிரி இருக்கிறது. எங்கள் தோட்டத்துச் சாலை மட்டும் ஏன் இன்னும் குண்டும் குழியுமாகக் கிடக்கிறது? எத்தனை மனு கொடுப்பது?" என்பதுதான் அது.

நியாயமான கேள்வி. மழைக்காலத்தில் பள்ளிப் பேருந்து உள்ளே வர மறுத்தால் பாதிக்கப்படுவது நம் பிள்ளைகள். ஆம்புலன்ஸ் தாமதித்தால் ஓர் உயிரே போய்விடலாம். ஆனால் அந்த மனு சரியான அலுவலகத்துக்குப் போனதா, சரியான நேரத்தில் போனதா என்பதையும் நாம் பார்க்க வேண்டும். நம் நாட்டில் எல்லாச் சாலைகளுக்கும் ஒரே முதலாளி கிடையாது. ஒவ்வொரு வகைச் சாலைக்கும் ஒவ்வொரு பணப்பை உண்டு.

எண்ணைப் பாருங்கள்

சாலையோரப் பலகையிலும் கிலோமீட்டர் கல்லிலும் உள்ள எண்ணைக் கவனியுங்கள். வெறும் எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசு சாலை. கோலா கங்சார் வழியாகச் செல்லும் பழைய பெருஞ்சாலையின் எண் 1. லெங்கோங், கிரிக் பக்கம் போகும் சாலையின் எண் 76. இவை மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. பொதுப்பணி இலாகா மேற்பார்வை செய்ய, 2001 முதல் தனியார் நிறுவனங்கள் ஒப்பந்த அடிப்படையில் பராமரித்து வருகின்றன.

எண்ணுக்கு முன்னால் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பேராக் மாநிலச் சாலை. 'இ' என்று இருந்தால் விரைவு நெடுஞ்சாலை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் வட பகுதி இ1. பட்டணத்துக்குள்ளும் தாமான்களிலும் உள்ள பெரும்பாலான சாலைகள் கோலா கங்சார் நகராண்மைக் கழகத்தின் பார்வையில் இருப்பவை. இவற்றில் எதிலும் சேராதது ஒன்று உண்டு. அதுதான் தோட்ட நிறுவனத்தின் நிலத்துக்குள் ஓடும் தனியார் சாலை.

சுங்கை சிப்புட் கோலா கங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. துன் சாமிவேலு 1974 முதல் 2008 வரை அதன் நாடாளுமன்ற உறுப்பினர். 1979 முதல் 1989 வரையிலும், பிறகு 1995 முதல் 2008 வரையிலும் பொதுப்பணி அமைச்சராகவும் இருந்தார். 'நம் தொகுதிக்காரர்தானே அமைச்சர், நம் சாலையைப் போட்டுக் கொடுக்கக் கூடாதா?' என்று அக்காலத்தில் பலருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அமைச்சர் யாராக இருந்தாலும், கூட்டரசு சாலைக்கென ஒதுக்கிய பராமரிப்புப் பணத்தைத் தனியார் நிலத்துச் சாலைக்குத் திருப்பிவிட முடியாது.

பராமரிப்பு வேறு, மேம்பாடு வேறு

மாநிலச் சாலைகளுக்கு மத்திய அரசாங்கம் ஆண்டுதோறும் மானியம் தருகிறது. இது எந்தக் கட்சியும் போடும் பிச்சை அல்ல. கூட்டரசு அரசியலமைப்பின் 109-ஆவது விதியும் பத்தாவது அட்டவணையும் கொடுத்த உரிமை. கணக்கும் எளிதானதுதான். குறைந்தபட்சத் தரத்தில் ஒரு மைல் சாலையைப் பராமரிக்கச் சராசரியாக எவ்வளவு செலவாகும், தகுதி பெற்ற சாலை எத்தனை மைல் என்று பார்த்து, இரண்டையும் பெருக்குகிறார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, பதிவேட்டில் ஏறாத சாலைக்கு மானியம் வராது. 'மாரிஸ்' என்று அழைக்கப்படும் மலேசியச் சாலைப் பதிவு முறையில் இடம்பெறாத சாலை, அரசாங்கக் கணக்கில் இல்லாத சாலைதான். இரண்டாவது, அந்த மானியம் இருக்கிற சாலையை இருக்கிறபடி காப்பாற்றுவதற்கு. குழி அடைக்கலாம், மறு தார் போடலாம். இரண்டு தடத்தை நான்கு தடமாக்க வேண்டுமென்றால் மேம்பாட்டு நிதியைத்தான் தேட வேண்டும்.

பெரிய சாலைக்குப் பணம் வரும் வழி

கோலா கங்சாரிலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. பேராக் ஆற்றின் மேல் நிற்கும் இஸ்கண்டார் பாலம் 1932-இல் திறக்கப்பட்டது. அரசாங்கம் கட்டிய பாலம், கடப்பதற்கு டோல் இல்லை. இன்றும் பழைய பெருஞ்சாலையைச் சுமந்து நிற்கிறது.

இன்னொன்று வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. இதற்காக மலேசிய நெடுஞ்சாலை வாரியம் 1980-இல் அமைக்கப்பட்டது. ஈப்போவிலிருந்து மெனோரா சுரங்கம் வழியாகச் சங்காட் ஜெரிங் போகும் பகுதி 1980-களில் உருவானது. எண்பதுகளின் நடுவில் பொருளாதாரம் சரிந்தபோது, முழு நெடுஞ்சாலையையும் கட்டி முடிக்க அரசாங்கத்திடம் பணம் போதவில்லை. 1988-இல் திட்டம் தனியார்மயமானது. வங்கிக் கடன், அரசாங்கத்தின் ஆதரவுக் கடன், டோல் வசூல் மூன்றும் சேர்ந்து 1994-இல் வேலை முடிந்தது. 2020-இல் டோல் கட்டணம் 18 விழுக்காடு குறைந்தபோது மகிழ்ந்தோம். அதே நேரத்தில் 2038-இல் முடிய வேண்டிய ஒப்பந்தக் காலம் 2058 வரை நீண்டது. அப்பா கட்டிய டோலைப் பேரனும் கட்டுவான்.

ஆயிரக்கணக்கான வாகனங்கள் ஓடும் இடத்தில்தான் டோல் கணக்கு நிற்கும். நாற்பது வீடு உள்ள இடத்தில் டோல் வைக்க முடியுமா? ஆகவே உள்ளூர்ச் சாலைகளை விரிவாக்கும் பணம் மலேசியத் திட்ட ஒதுக்கீட்டிலிருந்தோ, மாநில வரவு செலவிலிருந்தோ, கிராமப்புற, வட்டார மேம்பாட்டு அமைச்சின் திட்டங்களிலிருந்தோ வர வேண்டும். புதிய தாமான் கட்டும் மேம்பாட்டாளரிடம் சாலை, வடிகால் மேம்பாட்டுக்கு நிதி பெறவும் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் நகராண்மைக் கழகத்துக்கு அதிகாரம் தருகிறது.

மாவட்டத்திலிருந்து போகும் விண்ணப்பம் மாநிலத்தில் வரிசைப்படுத்தப்படும். பிறகு புத்ராஜெயாவில் மற்ற மாநிலங்களின் திட்டங்களோடு போட்டியிடும். அங்கீகாரம் கிடைத்த பிறகும் நில அளவை, வடிவமைப்பு, நிலம் கையகப்படுத்துதல், மின்கம்பமும் தண்ணீர்க் குழாயும் இடம் மாற்றுதல், டெண்டர் என்று வரிசையாக வேலைகள் உண்டு. 'அங்கீகரிக்கப்பட்டது' என்ற செய்திக்கும் தார் வண்டி வருவதற்கும் இடையே ஆண்டுகள் ஓடுவது இதனால்தான். இப்போது நடப்பில் இருப்பது 2026 முதல் 2030 வரைக்கான 13-ஆவது மலேசியத் திட்டம். அதன் பட்டியல் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. விண்ணப்பிக்கவே செய்யாத சாலை அந்தப் பட்டியலில் எப்படி ஏறும்?

தோட்டத்துச் சாலைக்கு வழி என்ன?

முதல் வேலை தார் கேட்பதல்ல, நில அலுவலகத்தில் விசாரிப்பது. சாலை ஓடும் பட்டை யார் பெயரில் இருக்கிறது? நிறுவனத்தின் பெயரில் இருந்தால், அந்தப் பட்டையை அரசாங்கத்திடம் ஒப்படைத்துச் சாலை ஒதுக்கு நிலமாக்கும்படி நிறுவனத்தோடு பேச வேண்டும். உரிமையாளர் இணங்காவிட்டால், தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் கீழ் பொதுமக்களுக்கு வழியுரிமை ஏற்படுத்தும் அதிகாரம் நில நிர்வாகிக்கு உண்டு. அதற்கு இழப்பீடு கொடுக்க வேண்டிவரும். பொதுச் சாலையாகி, குறைந்தபட்சத் தரத்துக்கு வந்து, பதிவேட்டில் ஏறிவிட்டால் அதன் பிறகு மானியம் ஆண்டுதோறும் வரும். ஒருமுறை தார் வாங்குவதைவிட ஒருமுறை பதிவாவது பெரிது.

வாய் திறக்க வேண்டிய நேரம்

இயந்திரம் வந்து நின்ற பிறகு மறியல் செய்வது நமக்குப் பழக்கம். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுப் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். எந்தச் சாலை விரியும், எங்கே புதுச் சாலை வரும் என்பதை அந்த வரைபடம் காட்டும். அப்போது போய்ப் பார்ப்பவர்களில் நம் மக்கள் எத்தனை பேர்?

சாலை விரிந்தால் வீடும் கோயிலும் தொடப்படலாம். ஆலயம் சாலை ஒதுக்கு நிலத்தில் இருக்கிறதா என்பதை நிர்வாகத்தினர் இப்போதே உறுதி செய்துகொள்வது நல்லது. 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், நிலத்தில் உரிமை கோரக் கூடியவருக்குத்தான் இழப்பீடு தருகிறது. உரிமையாளரின் விருப்பம் இருக்கும்வரை குடியிருப்பவரை அது கணக்கில் சேர்ப்பதில்லை. தோட்ட வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தும் பட்டா இல்லாத குடும்பங்கள் இதை நினைவில் வைத்து, மாற்று வீட்டுக்கான பேச்சைத் திட்டக் கட்டத்திலேயே தொடங்க வேண்டும். நிலப்பட்டா உள்ளவர்கள் விசாரணை நாளில் தவறாமல் போங்கள். தொகை போதாது என்றால் ஆறு வாரத்துக்குள் ஆட்சேபத்தைப் பதிவு செய்யுங்கள்.

நேயர்களே, இந்த வாரம் உங்கள் இடத்திலுள்ள பொதுச் சங்கமோ ஆலய நிர்வாகமோ கூடினால் ஒரு தாளை எடுங்கள். சாலையின் பெயர், எண், நீளம், அதை நம்பி வாழும் வீடுகள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், நிலம் யார் பெயரில் என்று எழுதுங்கள். அந்தத் தாளோடு மாவட்ட அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினரிடமும் போங்கள். 'எங்கள் சாலை மோசம்' என்று சொன்னால் அனுதாபம் கிடைக்கும். 'எங்கள் சாலை இன்னும் பதிவாகவில்லை, பதிவு செய்ய என்ன வேண்டும்?' என்று கேட்டால் அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும்.